விழுந்து முளைக்காத பல்



பிள்ளைக்குப் பல் சொத்தை என்றால், "விழுந்து முளைக்கிற பல்லுதானே, போகட்டும்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் ஆறு வயதையொட்டி, பால் பற்களுக்குப் பின்னால் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு கடைவாய்ப் பற்கள் புதிதாக முளைக்கின்றன. எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் இவற்றையும் பால் பல் என்றே நினைத்துக்கொள்கிறோம். இவை ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பற்கள். போனால் வேறு முளைக்காது. மேல்புறம் பள்ளம் பள்ளமாக இருப்பதால் சொத்தையும் இவற்றில்தான் சீக்கிரம் பிடிக்கும்.

பல்லில் பூச்சி, புழு என்று எதுவும் இல்லை. வாயில் இருக்கும் கிருமிகள் இனிப்பைப் புளிக்க வைத்து அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் பல்லை அரிக்கிறது. அரை மணி நேரம் போனால் எச்சில் ஊறி அதைச் சரிக்கட்டிவிடும். அதற்குள் அடுத்த மிட்டாய் வாய்க்குள் போனால்?

சுவீடன் நாட்டில் லுண்ட் என்ற ஊரின் மனநலக் காப்பகத்தில் 1940களில் இதை ஆராய்ந்தார்கள். சாப்பாட்டோடு சர்க்கரை சேர்த்துக்கொண்டவர்களுக்குச் சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை. சாப்பாட்டுக்கு நடுநடுவே ஒட்டுகிற மிட்டாய் தின்றவர்களுக்குப் பற்கள் மளமளவென்று கெட்டன. சிலருக்கு ஒரு நாளைக்கு 24 மிட்டாய் கொடுத்திருக்கிறார்கள். சம்மதம் சொல்லவோ மறுக்கவோ தெரியாத நோயாளிகளின் பல்லைக் கெடுத்துத் தெரிந்துகொண்ட உண்மை இது. செய்தது அநியாயம்தான். ஆனாலும் அதன்பின் அந்த நாட்டில் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்ற பழக்கம் பரவி, இன்றும் இருக்கிறது.

பெட்டிக்கடை வைத்திருக்கும் நம் குழுச் சகோதரிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். மிட்டாயே கூடாது என்று சொல்லவில்லை. நாலு மிட்டாயை நாலு நேரம் தின்பதைவிட, சாப்பிட்ட கையோடு ஒரே நேரத்தில் தின்றுவிடுவது மேல். பால் புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்கவிடுவதும் கூடாது.

பால் பல்லையும் லேசாக எண்ண வேண்டாம். பால் கடைவாய்ப் பல் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டும். முன்னமே போய்விட்டால் பக்கத்துப் பல் சாய்ந்து, அடியில் இருக்கும் பல் கோணலாக முளைக்கும். வலியில் பிள்ளை சரியாகச் சாப்பிடாது, தூங்காது. கறுப்புப் புள்ளி தெரிந்ததுமே அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் காட்டினால் அடைத்துவிடுவார்கள். வீங்கும்வரை கிராம்பு வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு குழுவில் கடன் கேட்டுத் தனியாரிடம் ஓடுகிறோம். ஆறு வயதுப் பல்லின் பள்ளங்களைச் சொத்தை வருமுன்பே பூசி மூடும் சிகிச்சையும் உண்டு. கேட்டுப் பாருங்கள்.

ஃபுளோரைடு உள்ள பற்பசை பல்லுக்கு உறுதி தரும். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு போதும். ராத்திரி படுக்குமுன் தேய்ப்பதுதான் முக்கியம். ஏழு வயது வரை நாமே தேய்த்துவிடணும். தண்ணீரிலேயே ஃபுளோரைடு அதிகமுள்ள தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சகோதரிகள், பிள்ளைக்கு எந்தப் பற்பசை என்று பல் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.