உண்ண மறுத்த ஓணான் குட்டி

குழந்தை சோறு வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டால், தாய் என்னென்ன உபாயங்கள் செய்கிறாள் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். நிலாவைக் காட்டுகிறாள், கதை சொல்லுகிறாள், கடைசியில் சர்க்கரையைத் தொட்டு ஊட்டுகிறாள். இந்த உபாயங்கள் எதற்கும் மசியாத ஒரு சின்னஞ்சிறு பிராணியோடு நான் பட்ட பாட்டை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அது ஓர் ஓணான் குட்டி.

ஓணான் என்றதும் நம் ஊர் வேலியில் தலையாட்டும் ஓணானை நினைத்துவிட வேண்டாம். அதற்கு இது தூரத்து உறவு. இரண்டும் அகாமிடே என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நான் சொல்ல வந்தது, ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் வாழும் தாடி ஓணான். சினம் வந்தாலும் அச்சம் வந்தாலும் அது தன் தொண்டையை உப்ப வைக்கும். முள் போன்ற செதில்கள் குத்திட்டு நிற்க, அவ்விடம் கறுத்துத் தாடி போலத் தோன்றும். விலங்கு நூலார் இட்ட போகோனா என்ற பெயரும், தாடி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே. வளர்ந்தது தலை முதல் வால் நுனி வரை ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் இருக்கும். சாதுவான பிராணி, ஆகையால் பல நாடுகளில் மக்கள் இதை வீட்டில் வளர்க்கிறார்கள்.

சிட்னி நகரில் என் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். அங்கே இப்பிராணியை வளர்க்க அரசாங்க உரிமம் வேண்டும். காட்டிலிருந்து பிடித்து வருவது குற்றம். என் மகள் முறைப்படி உரிமம் பெற்று, இரண்டு மாதக் குட்டி ஒன்றைத் தன் மகனுக்காக வாங்கி வந்தாள். அதன் எடை 28 கிராம். ஜூன் மாதம், அந்த நாட்டில் அது குளிர்காலம்.

முதல் மூன்று நாள் குட்டி எதையும் தொடவில்லை. புது இடம், புது முகங்கள். பழகும்வரை உணவு குறைவது இயல்பே என்று இருந்தோம். பிறகு சிள்வண்டு ஒன்றிரண்டை விழுங்கியது. கீரையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மனம் பொறாத என் பேரன், தேனடையின் மெழுகைத் தின்று கொழுக்கும் மெழுகுப்புழுக்களை வாங்கி வந்து நீட்டினான். அவற்றை மட்டும் அது ஆவலோடு தின்றது. எங்களுக்கோ பரம சந்தோஷம். மறுநாள் முதல் சிள்வண்டையும் அது மறுத்துவிட்டது! இரண்டாவது வாரம் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம், 25 கிராம். “தாத்தா, நான் இதைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையா?” என்று பேரன் கேட்டான். என்னிடம் விடை இல்லை.

கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். என்ன உணவு கொடுக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, “அது வெயில் காயும் இடத்தில் எத்தனை டிகிரி வெப்பம் இருக்கிறது?” என்று கேட்டார். நாங்கள் விழித்தோம். கண்ணாடிப் பெட்டியின் ஓரச் சுவரில் வெப்பமானி ஒன்று ஒட்டியிருந்தது. குட்டி படுக்கும் கல்லின் வெப்பத்தை ஒருநாளும் நாங்கள் அளந்ததில்லை.

அவர் விளக்கிய செய்தி இது. நம் உடல் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஓணானின் உடல் அவ்வாறு செய்வதில்லை. வெளியிலிருந்துதான் அது சூட்டைப் பெற வேண்டும். உடல் போதிய சூடு அடையாவிட்டால் தின்றது செரிக்காது. செரிக்காத வயிற்றில் பசி பிறக்காது. ஆகவே பெட்டியின் ஒரு கோடியில், விளக்கின் கீழ் உள்ள கல் ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். மறு கோடி 25 டிகிரி அளவில் குளிர்ந்திருக்க வேண்டும். வேண்டியபோது வெயிலும் வேண்டியபோது நிழலும் அது தானே தேடிக்கொள்ளும். வீடு திரும்பி அளந்தோம். எங்கள் கல்லில் இருந்தது 30 டிகிரிதான்!

இரண்டாவது பிழை இன்னும் பெரிது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் இப்பிராணியின் உடலில் உயிர்ச்சத்து டி உண்டாகும். அது இல்லையேல், உண்ட சுண்ணாம்புச் சத்து உடலில் சேராது; எலும்பு மெலியும், தாடை இளகும், கால்கள் நடுங்கும். இதற்கென்றே தனி விளக்கு உண்டு. நாங்களும் வாங்கியிருந்தோம். ஆனால் குளிர் புகாதிருக்கப் பெட்டியின் மேல் ஒரு கண்ணாடிப் பலகையை மூடி, அதன் மேல் விளக்கை வைத்திருந்தோம். வெளிச்சத்தை விடுகிற கண்ணாடி, அந்தக் கதிரைத் தடுத்துவிடும். அன்றே கண்ணாடியை எடுத்துவிட்டுக் கம்பி வலை போட்டோம். வெப்ப விளக்கையும் தாழ்த்தினோம்.

இவற்றைச் சரி செய்த பிறகே உணவின் பேச்சு வந்தது. குட்டிப் பருவத்தில் இதற்குப் பூச்சியே முதன்மையான உணவு; வளர வளரக் கீரையின் பங்கு மிகும். பூச்சி, குட்டியின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிதாய் இருக்கலாகாது. நாளைக்கு இரண்டு மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் பத்து நிமிடம், தின்னும் மட்டும் கொடுக்கலாம். மிஞ்சிய சிள்வண்டுகளைப் பெட்டியில் விட்டுவைத்தால், உறங்கும் குட்டியை அவை கடிக்கும். பூச்சிகளுக்கு முதல் நாளே நல்ல கீரையைத் தின்னக் கொடுக்க வேண்டும். பூச்சியின் வயிற்றில் உள்ளது குட்டிக்கும் சேரும். சிள்வண்டில் சுண்ணாம்புச் சத்து குறைவு. ஆதலால் அதன் பொடியைத் தூவிக் கொடுக்க வேண்டும்.

மெழுகுப்புழுவோ கொழுப்பு மிக்கது. என்றாவது ஒருநாள் தின்பண்டமாகக் கொடுக்கலாமே அன்றி, உணவாக ஆக்கலாகாது. அதை நிறுத்திப் பட்டுப்புழுவும் சிறு கரப்பானும் மாற்றிக் கொடுத்தோம். கீரையைப் பொடியாக நறுக்கிக் காலையில், பூச்சிக்கு முன்பே வைத்தோம். பூச்சிகளை அதன் மேலேயே ஊர விட்டோம். பூச்சியைக் கவ்வும்போது ஓர் இலைத் துணுக்கும் வாயில் போகும் அல்லவா? செம்பருத்திப் பூவின் நிறமும் அதன் கண்ணைக் கவர்ந்தது. பசலை வகைகளில் உள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைப் பிணித்துவிடும். அவற்றை நாள்தோறும் கொடுத்தல் தகாது. அவகாடோப் பழமும் மின்மினியும் நஞ்சு; அவற்றைக் கொடுக்கவே கூடாது.

ஐந்தாம் நாள் குட்டி தானாகவே சிள்வண்டைத் துரத்திப் பிடித்தது. மூன்று வாரத்தில் 34 கிராம் ஆயிற்று. ஆயினும் எல்லாப் பட்டினிக்கும் காரணம் சூடு அன்று. தோலுரிக்கும் நாட்களில் உணவு குறையும். குடலில் புழுவோ வேறு நுண்ணுயிரோ இருந்தாலும் குறையும். எடை இறங்கினாலும் கண் குழிந்தாலும் காத்திராமல் மருத்துவரிடம் செல்வதே முறை.

என் பேரனுக்கு அன்று சொல்ல இயலாத விடையைப் பிறகு சொன்னேன். அவன் அன்பில் குறை இல்லை. அந்த அன்பு தட்டை மட்டுமே பார்த்தது, கல்லைத் தொட்டுப் பார்க்கவில்லை. அவன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, வாரந்தோறும் குட்டியின் எடையையும் கல்லின் வெப்பத்தையும் அருகருகே எழுதி வரலானான். நான் ஊர் திரும்பும் நாளில் அதில் இரண்டு பக்கம் நிரம்பியிருந்தது.