மச்சானும் சாலாவும்: குசும்புக்கு லைசென்ஸ் கொடுப்பது யார்?

"என்ன மச்சி, இன்னைக்கு குளிச்சிட்டு வந்துட்ட போல?" ஷிஃப்ட் பஸ்ஸில் ஒருத்தன் இப்படிக் கேட்டால் சிரிப்போம். இதையே மேனேஜரிடம் கேட்டுப் பாருங்க! குசும்பை ஒருத்தரோட குணம்னு சொல்றோம். எனக்கு அது உறவு கொடுக்கிற அனுமதியாகத்தான் படுது.

மானுடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940-இல் எழுதிய கட்டுரையில் இதைக் 'கேலி உறவு' என்கிறார். கல்யாணம் இரண்டு குடும்பத்தைச் சேர்க்குது, ஆனால் அவை இரண்டாகவே இருக்கு. உரசல் வராமல் இருக்க இரண்டு வழி. ஒன்று, மாமியார் முன்னால் மருமகன் நிற்கிற மாதிரி மரியாதையோடு ஒதுங்குவது. இன்னொன்று, சீண்டிக்கிட்டே இருப்பது. சீண்டப்படுபவர் கோபப்படக் கூடாது.

நம்ம ஊரில் இதற்குக் கணக்கு சுத்தம். சித்தப்பா பிள்ளைகள் அண்ணன் தம்பி. அத்தை, மாமா பிள்ளைகள் 'முறை' உள்ளவர்கள், அங்கேதான் கேலி. ஊர்த் திருவிழாவில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவதும் முறை பார்த்துத்தான். அதனால், சொந்தமே இல்லாதவனை 'மச்சி' என்று கூப்பிடும்போது, கலாய்க்கிற உரிமையையும் சேர்த்தே கொடுத்து வாங்கிக்கிறோம்.

இப்போ கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வாங்க. ஆந்திர எல்லை பக்கம்தான். தெலுங்கு 'பாவா'விலும் இதே சீண்டல் உண்டு, பிரச்சினை இல்லை. பீகாரிலிருந்து வந்த தம்பியிடம்தான் சிக்கல். மனைவியின் தம்பிக்கு இந்தியில் 'சாலா'. நமக்குச் செல்லமான அதே மச்சான் உறவு, அங்கே வசவு!

காரணம் கணக்கில் இருக்கு. தமிழில் அக்கா புருஷனும் மச்சான், மனைவியின் அண்ணனும் மச்சான். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் அப்படியே கூப்பிடலாம். இந்தியில் முன்னவர் 'ஜீஜா', பின்னவர் 'சாலா'. வடக்கே பல சமூகங்களில் பெண் கொடுத்த வீடு ஒரு படி கீழே. சமமில்லாத இடத்தில் உறவுப் பெயரே ஏச்சாக மாறிடுது.

ஆக, நம்ம கேலி நிற்பது சமத்தின் மேல். திருப்பிச் சொல்ல முடியாதவனைக் கலாய்த்தால் அதற்கு வேறு பெயர். கல்லூரியில் அது ராகிங். அதைத் தடுக்க தமிழ்நாட்டில் 1997-இலேயே தனிச் சட்டம் வந்தது. தொழிற்சாலையில், மொழி தெரியாத கான்ட்ராக்ட் பையனைச் சுற்றி நின்று எல்லோரும் சிரிக்கிறப்போ ஒன்று மட்டும் பார்த்தால் போதும்: அவன் பதிலுக்கு நம்மைக் கலாய்த்தால், நாளைக்கும் அவனுக்கு வேலை இருக்குமா?