அலையாத்தி இலைக்குள் எத்தனை நிறம்?

புதுச்சேரி தேங்காய்த்திட்டுக் கழிமுகத்தில் வளரும் அலையாத்தி மரத்தின் இலை, பார்வைக்கு ஒரே பச்சைதான். அதற்குள் ஆரஞ்சு நிறக் கரோட்டின், நீலப்பச்சையான பச்சையம் ஏ, மஞ்சள்பச்சையான பச்சையம் பி, மஞ்சள் லுட்டீன் என்று பல நிறமிகள் கலந்திருக்கின்றன. இவற்றைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் முறைக்கு வண்ணப்பிரிகை என்று பெயர்.

இலையில் படிந்த உப்பைக் கழுவித் துடைத்துவிட்டு, அசிட்டோன் சேர்த்து அரைக்கிறோம். சிலிக்கா பூசிய தகட்டின் அடிப்பகுதியில் அந்தச் சாற்றால் ஒரு பொட்டு வைக்கிறோம். பெட்ரோலியம் ஈதருடன் கொஞ்சம் அசிட்டோன் கலந்து, தகட்டின் அடிவிளிம்பு மட்டும் நனையும்படி நிறுத்துகிறோம். கரைப்பான் மேலே ஊறிச் செல்லச் செல்ல, பொட்டு பல பட்டைகளாகப் பிரிகிறது. உச்சியில் கரோட்டின், அதன்கீழ்ப் பச்சையம் ஏ, பி, இன்னும் கீழே லுட்டீன்.

இந்த வரிசையைத் தீர்மானிப்பது முனைவுத்தன்மை. ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பதால் மூலக்கூறின் ஒரு பகுதியில் சிறிது எதிர்மின்னும் மறுபகுதியில் சிறிது நேர்மின்னும் தோன்றும். சிலிக்காவின் மேற்பரப்பு முழுக்க ஆக்சிஜன்–ஹைட்ரஜன் தொகுதிகள். முனைவுள்ள மூலக்கூறு வந்தால் அவை பிடித்துக்கொள்ளும். கரோட்டினில் இருப்பவை 40 கார்பன், 56 ஹைட்ரஜன் அணுக்கள் மட்டுமே. பிடிக்க இடமில்லை, ஓடிவிடுகிறது. லுட்டீனில் இவற்றோடு கூடுதலாக 2 ஆக்சிஜன் அணுக்கள் உண்டு. அந்த இரண்டே அதைக் கீழே நிறுத்திவிடுகின்றன. பச்சையம் ஏ-யில் மெத்தில் தொகுதி உள்ள ஓரிடத்தில் பி-யில் ஆல்டிஹைடு தொகுதி இருக்கிறது. அதனால்தான் பி சற்றுப் பின்தங்குகிறது.

வார்சாவில் பணியாற்றிய ரஷ்யத் தாவரவியலாளர் மிகயீல் ஸ்வெட் 1903-இல் இம்முறையை அறிவித்தார். அவர் பயன்படுத்தியது தகடு அல்ல, சுண்ணத் தூள் அடைத்த கண்ணாடிக் குழாய்.

கரைப்பானுக்கும் இதில் பங்கு உண்டு. அசிட்டோன் குறைந்தால் கரோட்டின் மட்டும் நகரும். மிகுந்தால் எல்லாம் சேர்ந்தே மேலேறிவிடும், பிரிவு கிடைக்காது. சரியான விகிதத்தைக் கண்டுபிடிப்பதில்தான் ஆய்வாளரின் கைத்திறன் இருக்கிறது.

கடல்நீரின் நுண்பாசிகளை அவற்றின் நிறமிகளால் இனங்காணும் ஆய்வகங்களில் பெரும்பாலும் சிலிக்காவின்மேல் நீண்ட கார்பன் சங்கிலிகளைப் பிணைத்துவிடுகிறார்கள். அப்போது பிடிக்கும் பரப்பே முனைவற்றதாகிறது. டயாட்டம் பாசிகளில் மிகுந்துள்ள, ஆக்சிஜன் நிறைந்த ஃபியூகோசாந்தின் விரைவிலேயே வெளியேறும்; தகட்டில் முந்திய கரோட்டின் இங்கே கடைசியில் வரும். எந்தச் சேர்மத்துக்கும் தனக்கென ஒரு வேகம் கிடையாது. பரப்பும் கரைப்பானும் சேர்ந்துதான் அதை முடிவுசெய்கின்றன.