கடல் கடக்கும் திராட்சை

பண்டங்கள் கடல் கடந்து செல்வது நமக்குப் புதிதன்று. மிளகும் முத்தும் துகிலும் பண்டைக் காலத்திலேயே நம் துறைமுகங்களிலிருந்து மேற்றிசை நாடுகளுக்குச் சென்றன. ஆயினும் அவை மாதக் கணக்கில் கிடந்தாலும் கெடாத பண்டங்கள். கனியும் மீனும் இறைச்சியும் அத்தகையவை அல்ல. அவற்றைக் கெடாமல் நெடுந்தூரம் கொண்டு செல்ல மனிதன் கண்ட வழி யாது, அவ்வழியில் இன்றும் கவனம் தவறக்கூடிய இடங்கள் எவை என்பவற்றை இங்கே பார்ப்போம்.

மராட்டிய நாட்டில் வாழும் தமிழர்கள் இதற்கு உதாரணம் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. புனேயை அடுத்த பிம்ப்ரியிலும் சிஞ்ச்வடிலும் ஆலை வேலைக்கென வந்து குடியேறிய நம்மவர் பலர். தை பிறந்தது முதல் பங்குனி வரையில் அங்குள்ள சந்தைகளில் விதையில்லாப் பச்சைத் திராட்சை குவிந்து கிடக்கும். அதே பருவத்தில், நகரின் மேற்கோரத்துப் புறவழிச் சாலையில் வெண்ணிறப் பெட்டிகளைச் சுமந்த நீண்ட லாரிகள் மும்பைத் திசை நோக்கிச் செல்வதைக் காணலாம். சாங்லி, சோலாப்பூர்ப் பக்கத்துத் தோட்டங்களின் திராட்சை இவ்வாறு மலைச்சாலை இறங்கி, 1989ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட நவ ஷேவா துறைமுகத்தை அடைகிறது. நாசிக் திராட்சையும் அங்கே வந்து சேருகிறது. பின்னர் அது கப்பலேறி, மூன்று நான்கு வாரங்கள் கடலில் பிரயாணம் செய்து, ஹாலந்து நாட்டின் ராட்டர்டாம் துறைமுகத்தில் இறங்குகிறது. பிம்ப்ரியில் நாம் வாங்கித் தின்னும் கனியின் உடன்பிறப்பு, ஒரு மாதம் கழித்து ஐரோப்பியர் மேசையில் பசுமை மாறாமல் இருக்கிறது. இது எவ்வாறு இயலுகிறது?

குளிரைக் கப்பலில் ஏற்றிச் செல்லும் முயற்சிக்கும் தமிழகத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்கும் கட்டடம், 1842இல் ஐஸ் வைப்பதற்காகக் கட்டப்பட்டது. அமெரிக்க வணிகராகிய பிரெடெரிக் டியூடர், பாஸ்டன் பகுதியின் ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த நீரைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலில் அனுப்பினார். 1833இல் கல்கத்தாவுக்கு வந்த அவருடைய முதற் கப்பலில் ஏற்றப்பட்ட ஐஸ் சுமார் 180 டன். நான்கு மாதப் பிரயாணத்துக்குப் பின் எஞ்சியது சுமார் 100 டன். வழியெல்லாம் உருகியும் பாதிக்கு மேல் நின்றது என்பது அக்காலத்தில் பெரு வியப்பாயிற்று.

பின்னர் யந்திரத்தால் குளிர் உண்டாக்கும் முறை வந்தது. 1882ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'டனிடின்' என்னும் பாய்க்கப்பல், உறைந்த ஆட்டிறைச்சியுடன் நியூஸிலாந்திலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. நீராவியால் இயங்கும் குளிர் யந்திரம் அதில் பொருத்தப்பட்டிருந்தது. அதன் புகைபோக்கியிலிருந்து பறந்த பொறிகள் பாய்களில் தீ மூட்டின. வெப்ப மண்டலத்தை அடைந்தபோது, குளிர்காற்று சரக்கறையில் சரிவரப் பரவவில்லை. மாலுமித் தலைவர் விட்சன் தாமே காற்றுக் குழாய்க்குள் ஊர்ந்து சென்று புதிய துளைகள் இட்டார். குளிரில் விறைத்துப்போன அவரைக் காலில் கயிறு கட்டி இழுக்க வேண்டியதாயிற்று. 98 நாட்களுக்குப் பின் கப்பல் லண்டனை அடைந்தபோது, சுமார் 5,000 உருப்படிகளில் ஒன்று மட்டுமே கெட்டிருந்தது. குளிரை உண்டாக்கினால் மட்டும் போதாது, அது சரக்கின் ஒவ்வொரு மூலைக்கும் போய்ச் சேர வேண்டும் என்ற பாடத்தை அந்தப் பிரயாணம் புகட்டியது.

இன்று துறைமுகத்தார் 'ரீஃபர்' என்று அழைக்கும் குளிர்ப்பெட்டி அந்தப் பாடத்தின் பயனேயாகும். அதன் தத்துவத்தை நம் வீட்டு மண்பானை விளக்கும். பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது, உள்ளிருக்கும் நீரின் உஷ்ணத்தை எடுத்துக்கொண்டு செல்கிறது. குளிர்ப்பெட்டியில் நீருக்குப் பதில் வேறொரு திரவம் மூடிய குழாய்களில் ஆவியாகி உஷ்ணத்தைக் கவர்கிறது. அந்த ஆவியை யந்திரம் அழுத்தி, உஷ்ணத்தை வெளியே விட்டு, மீண்டும் திரவமாக்குகிறது. குளிர்ந்த காற்று, வரிவரியாகப் பள்ளமிட்ட தரையின் வழியே ஓடி, அட்டைப் பெட்டிகளுக்கு ஊடே மேலெழுந்து, கூரையை ஒட்டித் திரும்புகிறது. ஆகவே கூரை வரை சரக்கை அடைத்துவிடாமல், உட்சுவரில் வரைந்துள்ள சிவப்புக் கோட்டுக்குக் கீழேயே அடுக்க வேண்டும். கப்பலில் ஏறியபின் கப்பலின் மின்சாரமும், சாலையில் செல்லும்போது லாரியோடு வரும் மின்னாக்கியும் இந்த யந்திரத்தை இயக்குகின்றன.

பலர் அறியாத உண்மை ஒன்று உண்டு. குளிர்ப்பெட்டி, கொடுத்த குளிரைக் காப்பதற்காக அமைந்ததே தவிர, சூடான சரக்கைக் குளிர்விப்பதற்காக அமைந்ததன்று. வெயிலில் பறித்த திராட்சையை அப்படியே உள்ளே அடைத்தால், அதன் உட்சூடு தணியப் பல நாட்கள் ஆகும். அதற்குள் காம்பு வாடிப் பழுப்பேறிவிடும். ஆதலால் திராட்சையைக் காலை வேளையிலேயே பறித்து, தரம் பிரித்து, சிப்பமிட்டு, குளிர்காற்றை விசையுடன் செலுத்தும் அறையில் வைத்துச் சில மணி நேரத்தில் அதன் சூட்டை 4 டிகிரிக்குக் கீழே இறக்குகிறார்கள். அதன் பின்னரே அது குளிர்ப்பெட்டியில் ஏறும். அங்கே நிலவுவது பூஜ்ய டிகிரி சென்டிகிரேட், அல்லது அதற்கும் அரை டிகிரி கீழே. நீர் உறையும் அந்த நிலையிலும் திராட்சை உறைவதில்லை. பழத்திலுள்ள சர்க்கரை அதனைத் தடுக்கிறது. ஆனால் சாம்பல் நிறப் பூஞ்சணம் அந்தக் குளிரிலும் வளரக்கூடியது. அதனை அடக்க, கந்தக டை ஆக்ஸைடு வாயுவைச் சிறிது சிறிதாக வெளியிடும் தாள் ஒன்றை ஒவ்வொரு பெட்டியிலும் வைக்கிறார்கள்.

புதிய கனிக்கும் உறைந்த பண்டத்துக்கும் உள்ள வேற்றுமையையும் இங்கே அறிய வேண்டும். பறித்த கனி உயிரற்றதன்று. அது சுவாசித்துக் கொண்டே இருக்கிறது, உஷ்ணத்தையும் வெளியிடுகிறது. குளிர் அந்தச் சுவாசத்தை மந்தப்படுத்துகிறது. எல்லாக் கனிக்கும் ஒரே குளிர் ஏற்காது. வாழையை ஏறத்தாழ 13 டிகிரிக்குக் கீழே வைத்தால் தோல் கறுத்து, சரிவரப் பழுக்காமற் போகும். தூத்துக்குடியிலிருந்து அயல்நாடு செல்லும் இறால் வேறு வகையைச் சேர்ந்தது. அது பூஜ்யத்துக்குக் கீழ் 18 டிகிரியிலேனும் இருக்க வேண்டும். விரைவாக உறைய வைத்தால் அதன் தசையில் நுண்ணிய பனிப்படிகங்கள் உண்டாகும். வழியில் சற்றே இளகி மறுபடி உறைந்தாலோ, படிகங்கள் பெரிதாகித் தசையைக் கிழிக்கும். சமைக்கும்போது சாறு வடிந்து சக்கையே மிஞ்சும்.

எனவே இது ஒரு சங்கிலி. தோட்டம், குளிரறை, லாரி, துறைமுகம், கப்பல், அயல்நாட்டுக் கிடங்கு ஆகியவை அதன் கண்ணிகள். ஐந்து கண்ணிகள் உறுதியாக இருந்து ஆறாவது அறுந்தாலும், முன்னைய உழைப்பெல்லாம் வீண். துறைமுகத்தில் மின்னிணைப்புக் கொடுக்கத் தாமதித்தால், அந்தச் சில மணி நேரம் திராட்சையின் காம்பில் பதிந்துவிடுகிறது. பெட்டியினுள் வைத்த கருவி வழிநெடுகக் குளிரின் அளவைக் குறித்துக் கொண்டே செல்வதால், குறை எங்கே நேர்ந்தது என்பது பின்னர் தெரியவரும். ஆனால் கெட்ட கனி அதனால் திரும்பி வாராது. சித்திரையில் ஒரு முறையும் ஐப்பசியில் ஒரு முறையும் கொடி கவாத்துச் செய்து, கடன் வாங்கி மருந்தடித்து, மழைக்கு அஞ்சிக் காத்த உழவனின் ஓராண்டு உழைப்பு அந்த ஒரு பெட்டிக்குள் அடங்கியிருக்கிறது.

மனிதர் கவனமாக இருந்தும் சங்கிலி நீண்டுவிடுவது உண்டு. 2023ஆம் ஆண்டின் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டன. அதனால் 2024ஆம் ஆண்டுத் திராட்சைப் பருவத்தில் பல கப்பல்கள் சூயஸ் கால்வாயை விடுத்து ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் சென்றன. டியூடரின் ஐஸ் வந்த அதே பழைய வழி! பிரயாணம் சுமார் இரண்டு வாரம் நீண்டது, செலவும் ஏறியது. நன்கு குளிர்வித்து ஏற்றிய கனிக்கே இத்தகைய தாமதத்தைத் தாங்கும் வலிமை உண்டு.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை மணத்தில் எதற்கும் குறைந்ததன்று. ஆனால் பறித்தபின் நெடுநாள் தாங்காது. தடித்த தோலும் உறுதியான சதையும் உடைய வகைகளே கடற்பிரயாணத்துக்கு ஏற்றவை. சுவையில் சிறந்தது எல்லாம் தூரம் செல்லும் என்று எண்ணிவிடலாகாது.

இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி நம் வீட்டிலேயே இருக்கிறது. குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை. உறங்க வைக்கிறது, அவ்வளவே. கடையில் வாங்கிய உறைந்த மீனைப் பையில் வைத்தபடி ஊரெல்லாம் சுற்றிவிட்டு மாலையில் வீடு சேர்ந்தால், உறங்கிய கிருமிகள் விழித்துக்கொள்ளும். வெளியே நெடுநேரம் இளகிக் கிடந்ததை மீண்டும் குளிர்ப்பெட்டியில் வைப்பதால் அது பழையபடி நல்லதாகிவிடாது. மற்றச் சாமான்களையெல்லாம் வாங்கி முடித்தபின் உறைந்த பண்டத்தைக் கடைசியாக வாங்குங்கள். வீடு வந்ததும் அதனை முதலில் எடுத்து வையுங்கள்.