சேற்றைக் கேட்டால் தெரியும்

பினாங்கில் சார் குவே தியாவ் சாப்பிடுபவர்களுக்குக் கெராங் சிப்பியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஓட்டைப் பிளந்தால் சிவப்பாக வடிகிறதே, அது இரத்தமேதான். நமக்கு இருப்பது போலவே அதற்கும் ஹீமோகுளோபின் உண்டு. ஆக்சிஜன் குறைந்த சேற்றில் புதைந்து வாழ அது கைகொடுக்கிறது. பத்து காவான் கரையில் நீர் வற்றும்போது அலையாத்தி மரங்களுக்கு அப்பால் தெரிவது அந்தச் சேறுதான். அது நலமாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தண்ணீரை அள்ளிச் சோதித்தால் போதாது. தினமும் இருமுறை ஏறி வடியும் கடலில், காலையில் கலந்த கழிவு மாலைக்குள் எங்கோ போயிருக்கும். சேற்றில் புதைந்த புழுவும் சிப்பியும் அப்படி ஓடிவிட முடியாது. மாதக்கணக்கில் வந்து சேர்ந்ததைத் தாங்கியவை மிஞ்சியிருக்கும், மற்றவை மடிந்திருக்கும். ஆகவே ஆய்வாளர்கள் அவற்றைக் கணக்கெடுக்கிறார்கள்.

அதற்கான கருவி, நெதர்லாந்துப் பொறியாளர் வான் வீன் பெயரில் வழங்கும் கவ்வி. இரண்டு இரும்புத் தாடைகளையும் விரித்துக் கொக்கி மாட்டிப் படகிலிருந்து இறக்குவார்கள். தரை தட்டியதும் கம்பி தளர்ந்து கொக்கி விடுபடும்; மேலே இழுக்க இழுக்கத் தாடைகள் மூடிச் சேற்றை அள்ளிக்கொள்ளும். பரவலாகப் பயன்படும் கவ்வி ஒருமுறைக்கு 0.1 சதுர மீட்டர் பரப்பை எடுக்கும். சேறு மேலே வந்ததும் முதல் வேலை மூக்குக்கு. மேற்பரப்பே கறுத்து அழுகிய முட்டை வாடை வீசினால் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று பொருள். பிறகு 0.5 அல்லது 1 மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் அலசி, தங்கும் உயிர்களை ஃபார்மலினில் போட்டு, நுண்ணோக்கியில் இனம் பிரிக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் கட்டம் இதுதான்.

உயிர்கள் ஏராளமாக இருந்தால் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. கேபிடெல்லா என்ற சிறு சிவப்புப் புழு, சாக்கடைக் கழிவு சேரும் இடத்தில் மற்றவை மடிய மடியப் பெருகும். எத்தனை என்பதைவிட எவை என்பதே முக்கியம். இதை வைத்து ஸ்பெயினின் ஆங்கெல் போர்ஹா குழுவினர் 2000இல் ‘அம்பி’ என்ற குறியீட்டை வகுத்தார்கள். மாசைத் தாங்கும் திறன்படி உயிர்களை ஐந்து பிரிவாக்கி மதிப்பெண் தருவது அது. 0 என்றால் நலம். 6ஐ நெருங்கினால் மோசம். உயிரே இல்லாவிட்டால் 7.

ஐரோப்பியக் கடற்கரைக்கு வகுத்த இந்த அளவுகோலை இங்கே அப்படியே வைத்துப் பார்ப்பது சரியல்ல. கழிமுகச் சேற்றில் இலைதழை மக்கு இயல்பாகவே அதிகம். அங்கே வாழ்பவை இயற்கையிலேயே கெட்டிக்காரத் தாங்கிகள். அதனால் மாசுபடாத இடமும் கெட்ட மதிப்பெண் வாங்கிவிடும். ஓர் இடத்தை அதன் பழைய கணக்கோடு ஒப்பிடுவதே நியாயம்.

அந்தப் பழைய கணக்குத்தான் பல இடங்களில் கிடைப்பதில்லை. கேடு வந்த பிறகே பேச்சு எழுகிறது. 1970களில் பிறைத் தொழிற்பேட்டைக் கழிவால் குவாலா ஜுரு மீனவர்கள் பிழைப்பிழந்தபோது, எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையிலான பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களுக்காக நின்றது. தோட்டக்காடாக இருந்த பத்து காவானில் இன்று ஆலைகள் நிறைந்துவிட்டன. 2014இல் திறந்த இரண்டாம் பாலம் இங்கிருந்து பத்து மாவுங்கை நோக்கிக் கடல்மேல் 16.9 கிலோமீட்டர் போகிறது. இனி எந்தக் கரையோரத் திட்டம் வந்தாலும், முதல் தூண் இறங்குமுன் சேற்றின் கணக்கு எடுத்தாயிற்றா, அதை யார் பார்க்கலாம் என்று கேளுங்கள்.