டெலிவரி வேனின் பாதை: கணக்கு போடுவது யார்?

வீடு வீடாகப் பார்சல் கொடுக்கும் வேனுக்கு மிகக் குறைந்த தூரப் பாதையை மென்பொருள் வகுக்கிறது என்பதே நிறுவனங்கள் தரும் விளக்கம். இது பாதிதான் உண்மை. 20 வீடுகளைச் சுற்றும் வரிசைகளை எண்ணினால் 19 இலக்க எண் வரும். அத்தனையையும் சோதிக்காமலே, ஒற்றை வேனின் குறைந்தபட்ச தூரத்தை இன்றைய கணிதம் கண்டுபிடித்துவிடும். பல வேன்களும் நேர வரம்பும் சுமை அளவும் சேரும்போதுதான் தோராயத்தோடு நிற்க வேண்டியிருக்கிறது. பெட்ரோல் லாரிகளுக்காக ஆய்வாளர்கள் டான்ட்சிக்கும் ராம்சரும் 1959-இல் எழுதிய கட்டுரையிலிருந்தே இந்தச் சிக்கல் ஆராயப்பட்டு வருகிறது.

கணக்கு சரியாக வந்த பிறகும் ஓட்டுநர்கள் அதை மீறுகிறார்கள். வண்டி நிறுத்த எங்கே இடம் கிடைக்கும், எந்தத் தெரு எந்த நேரத்தில் அடைபடும், எந்த இரண்டு கட்டடங்களை ஒரே நிறுத்தத்தில் முடிக்கலாம் என்பது வரைபடத்தில் இல்லை; அவர்களுக்குத் தெரியும். அமேசானும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகமும் 2021-இல் நடத்திய போட்டி இந்த மீறலையே இலக்காக வைத்தது. அமெரிக்காவின் ஐந்து பெருநகரப் பகுதிகளில் 2018-இல் ஓடிய 9,184 பாதைகள் அதில் பயன்பட்டன. தூரத்தைக் குறைப்பவருக்குப் பரிசு இல்லை. ஓட்டுநர் உண்மையில் போன வரிசைக்கு மிக நெருங்கி வருபவருக்கே பரிசு.

வென்ற குக், ஹெல்ட், ஹெல்ஸ்கான் குழு ஒவ்வொரு நிறுத்தத்துக்குமான மண்டலக் குறியீட்டைக் கவனித்தது. 'சி-17.3டி' என்பது போன்ற குறியீடு அது. ஓட்டுநர்கள் பெரும்பாலும் ஒரு மண்டலத்தை முழுதாக முடித்துவிட்டு, குறியீட்டில் ஒரு படி மட்டும் மாறும் அடுத்த மண்டலத்துக்குப் போனார்கள். அந்தப் பழக்கத்தை மீறும் பாதைக்குக் குழு அபராதத் தூரம் கூட்டியது. மிச்சத்தை வழக்கமான குறைந்த தூரக் கணக்கே பார்த்துக்கொண்டது.

அபாரமான யோசனை. ஆனால் இங்கேதான் கவலையும் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் தெருவில் கற்றது இப்படித் தரவாகிவிட்டால், நேற்று சேர்ந்தவரிடமும் அதைக் கொடுத்து ஓட்டச் சொல்லலாம். கற்றவரின் கூலியில் அதற்கு ஒரு பங்கு உண்டா என்பதைப் போட்டி விதிகள் தொடவில்லை. எது நல்ல பாதை என்று தரம் பிரித்ததும் நிறுவனமே.

சேமிப்புக் கணக்கையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பார்சல் நிறுவனமான யூ.பி.எஸ்., பாதை வகுக்கும் தன் ஓரியன் மென்பொருளால் ஆண்டுக்கு 10 கோடி மைல் மிச்சம் என்கிறது. ஓடாத தூரத்தை எந்த மீட்டரும் காட்டாது. அது நிறுவனத்தின் மதிப்பீடு.

இனி, வழக்கமாக எழும் மூன்று கேள்விகள். முடிந்தவரை இடப்பக்கம் திரும்பாதே என்ற யூ.பி.எஸ். விதி இந்தியாவுக்குப் பொருந்துமா? பொருந்தாது, இங்கே எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கிடுவது வலப்பக்கத் திருப்பம்.

பத்து நிமிட டெலிவரி பாதைக் கணக்கின் சாதனையா? இல்லை, கிடங்கு பக்கத்தில் இருப்பதால்.

செயலி காட்டும் வருகை நேரம் உறுதியா? இல்லை, முந்தைய ஒவ்வொரு வீட்டிலும் ஆகும் தாமதம் அதில் கூடிக்கொண்டே போகும்.