காட்டில் கைகொடுத்த விளையாட்டு

2023 மே 1 அன்று கொலம்பியாவின் அமேசான் காட்டுக்குள் செஸ்னா 206 ரகச் சிறிய விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த பெரியவர்கள் மூவரும் இறந்துபோனார்கள். பிழைத்தது நான்கு குழந்தைகள். மூத்தவளுக்கு 13 வயது, கடைக்குட்டி கைக்குழந்தை. ராணுவத்தினரும் பழங்குடியினரும் சேர்ந்து தேடி, 40 நாட்களுக்குப் பின் ஜூன் 9 அன்று நால்வரையும் உயிரோடு மீட்டார்கள்.

விமானத்தில் கிடைத்த மரவள்ளி மாவு முதலில் பசியாற்றியது. அது தீர்ந்ததும் காட்டுப் பழங்களும் விதைகளும்தான். ஹுயிட்டோட்டோ பழங்குடியைச் சேர்ந்த அந்த அக்காவுக்கு எதைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்திருந்தது. கிளைகளைச் சேர்த்துக் கட்டிக் குடில் போடவும் தெரிந்திருந்தது. குடும்பத்தோடு குடில் அமைத்து விளையாடுவது வழக்கம் என்று உறவுக்காரப் பெண் ஒருவர் பின்னர் சொன்னார்.

அந்த விளையாட்டு ஏன் உதவியது என்பதற்கு மூளையியல் விளக்கம் தருகிறது. கடும் பதற்றத்தில், யோசித்து முடிவெடுக்கும் முன்மூளைப் புறணியின் வேலை மந்தமாகிறது. பலமுறை செய்து பழகிய செயல்களை மூளையின் ஆழத்தில் உள்ள வேறு நரம்புத் திரள்கள் நடத்துவதால், அவை அவ்வளவு எளிதில் குலைவதில்லை. ஆபத்தில் மனிதர்கள் ஏன் உறைந்து நிற்கிறார்கள் என்று ஆராய்ந்தவர் பிரிட்டிஷ் உளவியலாளர் ஜான் லீச். பழகிய செயலை மூளை நொடிக்கும் குறைவான நேரத்தில் எடுத்துத் தருகிறது, புதிதாக ஒரு வழியை யோசிக்கவோ சாதகமான சூழலிலேயே 8 முதல் 10 வினாடி ஆகிறது என்கிறார் அவர்.

நம் வீடுகளில் தயார்நிலை என்பது டார்ச், பிஸ்கட், மருந்து வாங்கி வைப்பதோடு முடிந்துவிடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தன. அப்போது குடிநீர்தான் பெரும்பாடாக இருந்தது. நீரைக் குமிழிகள் பொங்கக் கொதிக்கவிட்டு ஒரு நிமிடம் வைத்தால் நோய்க்கிருமிகள் சாகும். 2,000 மீட்டருக்கு மேலான மலைகளில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும் என்பதால் அங்கே மூன்று நிமிடம் வேண்டும். விறகும் இல்லை, கேஸும் இல்லை என்றால், தெளிந்த நீரை நிறமற்ற பெட் பாட்டிலில் நிரப்பி நல்ல வெயிலில் 6 மணி நேரம் படுக்க வைக்கலாம். புற ஊதாக் கதிர்களும் சூடும் சேர்ந்து கிருமிகளை அழிக்கும். வானம் மூடியிருந்தால் இரண்டு நாள் ஆகும். கலங்கல் நீரைத் தெளியவைத்துத் துணியில் வடிகட்டிய பிறகே இதைச் செய்ய வேண்டும். ரசாயனம் கலந்த நீரை இவ்விரு முறைகளுமே சுத்தமாக்காது.

அடுத்தது உடல்சூடு. காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே ஈரத்துணியைக் களைவதும், தரைக்கும் உடலுக்கும் இடையே காய்ந்த சருகோ அட்டையோ பரப்புவதும் முதல் வேலை. உணவு இல்லாமல் வாரக்கணக்கில் தாங்கலாம், நீர் இல்லாமல் சில நாட்கள்தான். எனவே தெரியாத காயைக் கடித்துச் சோதிக்கும் அவசரம் வேண்டவே வேண்டாம்.

இவற்றைப் படித்துத் தெரிந்துகொள்வது முதல் படிதான். மழை நாளில் பெரியவர் ஒருவர் துணையோடு திறந்தவெளியில் ஈர விறகைப் பற்றவைத்துப் பார்த்தால்தான் அதன் சிரமம் புரியும். சாரணர், என்சிசி முகாம்களில் சில மாணவர்களுக்குக் கிடைக்கும் இத்தகைய அனுபவம் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை மேடையில் யாரோ செய்துகாட்டுவதைப் பார்த்துக் கைதட்டினால் போதாது. ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் முடிச்சுப் போட வேண்டும், தீ மூட்ட வேண்டும், நீரைச் சுத்தம் செய்து பழக வேண்டும்.